இரண்டாவது தடவை திவால் மனு: போடலாமா, எப்போது போடலாம்?

அமெரிக்காவில் இருக்கும் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது: 'சில வருஷங்களுக்கு முன் சாப்டர் 7-ல் (சட்டம் விட்டுவைக்கும் சொத்து போக மிச்சம் இருந்தால் விற்று, மீதிக் கடனைத் தீர்க்கும் வகை) திவால் மனு போட்டுக் கடனிலிருந்து வெளியே வந்தேன். இப்போது மறுபடியும் கிரெடிட் கார்டு, ஆஸ்பத்திரி பில், கார் கடன் என்று கழுத்துவரை வந்துவிட்டது. இன்னொரு தடவை போட முடியுமா? போடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?'

போட முடியும். வாழ்நாளில் இத்தனை தடவைதான் என்று அமெரிக்கச் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. கால வரம்பு இருப்பது டிஸ்சார்ஜுக்கு, அதாவது இந்தக் கடன்களை இனி நீங்கள் கட்ட வேண்டியதில்லை என்று நீதிமன்றம் தருகிற உத்தரவுக்கு. மனு போடுவது வேறு, டிஸ்சார்ஜ் கிடைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு தவறான வாரத்தில் மனு போட்டுவிட்டு, செலவு செய்த பிறகு டிஸ்சார்ஜ் கிடைக்காது என்று தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு.

முதலில் அந்தக் கால இடைவெளிக் கணக்கை முடித்துவிடலாம். முன்பு சாப்டர் 7-ல் டிஸ்சார்ஜ் வாங்கியவர் மறுபடியும் சாப்டர் 7-ல் வாங்க 8 ஆண்டு இடைவெளி வேண்டும். முன்பு சாப்டர் 7, இப்போது சாப்டர் 13 (தவணைத் திட்டம் போட்டுக் கட்டும் வகை) என்றால் 4 ஆண்டு. சாப்டர் 13-லிருந்து சாப்டர் 7-க்கு 6 ஆண்டு. ஆனால் அந்தப் பழைய தவணைத் திட்டத்தில் அடமானமில்லாத கடன்களை முழுக்கக் கட்டியிருந்தாலோ, அல்லது நல்லெண்ணத்தோடு முடிந்தவரை முயன்று 70 சதவீதமாவது கட்டியிருந்தாலோ இந்த 6 ஆண்டுத் தடை இல்லை. சாப்டர் 13-லிருந்து சாப்டர் 13-க்கு 2 ஆண்டு. ஆனால் அந்தத் திட்டமே 3 முதல் 5 ஆண்டு ஓடும் என்பதால், ஒழுங்காக முடித்தவர்களுக்கு இந்த 2 ஆண்டு பெரும்பாலும் ஒரு தடையாகவே வராது.

இந்த ஆண்டுகளை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் சறுக்கல் வருகிறது. முதல் மனு தாக்கலான நாளிலிருந்து இரண்டாவது மனு தாக்கலாகும் நாள் வரை எண்ண வேண்டும். டிஸ்சார்ஜ் வந்த நாள் இதில் கணக்கே இல்லை. 2019 மார்ச்சில் மனு போட்டு ஜூலையில் டிஸ்சார்ஜ் வாங்கியவருக்கு 8 ஆண்டு முடிவது 2027 மார்ச்சில். ஞாபகத்தை நம்பாதீர்கள். கூட்டாட்சி நீதிமன்றங்களின் பேசர் தளத்தில் உங்கள் பழைய வழக்கு இருக்கும், தேதியை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று: 2005 சட்டத் திருத்தத்துக்கு முன் இந்த 8 என்பது 6 ஆக இருந்தது. ரொம்ப நாள் முன்பு மனு போட்ட ஒருவர் '6 வருஷம் போதுமே' என்று சொன்னால் அது அந்தக் காலத்துக் கணக்கு.

முதல் வழக்கு டிஸ்சார்ஜ் வரைக்கும் போகாமல் தள்ளுபடியாகியிருந்தால் மேலே சொன்ன இடைவெளிகள் பொருந்தாது. ஆனால் அங்கே வேறு வலி இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதல் வழக்கில் சொத்தை மறைத்தது மாதிரி காரணத்துக்காக நீதிமன்றம் டிஸ்சார்ஜையே மறுத்திருந்தால், அந்த வழக்கில் இருந்த கடன்கள் அடுத்த சாப்டர் 7 மனுவிலும் தீராது. எத்தனை வருஷம் காத்திருந்தாலும் அதே கதைதான்.

சரி, தேதி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தேதி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மனு போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடன் வளர்வது நின்ற பிறகுதான் போட வேண்டும்.

காரணம் எளிது. சாப்டர் 7-ல் தீருவது மனு தாக்கலான நாளுக்கு முன் ஏற்பட்ட கடன் மட்டும். மறுநாள் போய் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த பில் முழுக்க உங்கள் தலையில். அதற்கு இன்னொரு சாப்டர் 7 வேண்டுமென்றால் மறுபடியும் 8 ஆண்டு. ஆக, உங்கள் கையில் இருப்பது ரொம்ப அபூர்வமாகக் கிடைக்கிற ஒரு வாய்ப்பு, அதைப் பாதிக் கடனுக்குச் செலவழித்துவிட்டால் மீதிக்கு வழியில்லை. புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது, அடுத்த மாதம் இன்னொரு அறுவை சிகிச்சை என்று நாள் குறித்திருக்கிறது, வேலை போய் இன்னும் கிடைக்கவில்லை, விவாகரத்து வழக்கு முடிந்து யார் எந்தக் கடனைக் கட்டுவது என்று தீரவில்லை. இந்த மாதிரி நிலையில் வசூல் ஏஜென்சியின் போன் தொல்லை தாங்காமல் அவசரமாக மனு போடுகிறவர்கள்தான் ஒன்றரை வருஷம் கழித்து அதே இடத்தில் நிற்கிறார்கள். போன் தொல்லைக்கு வேறு மருந்து இருக்கிறது: தொடர்பு கொள்ளாதே என்று வசூல் ஏஜென்சிக்கு எழுத்தில் அனுப்பினால், கூட்டாட்சிச் சட்டப்படி அவர்கள் நிறுத்த வேண்டும்.

எதற்காக அவசரப்படலாம்? வீடு ஏலத்துக்கு வருகிறது, கார் பறிபோகப் போகிறது, தீர்ப்பு வாங்கிச் சம்பளத்தில் பிடிக்கப் போகிறார்கள் என்றால் அவசரம்தான். சம்பளப் பிடித்தத்துக்கும் வரம்பு உண்டு. சாதாரண நுகர்வோர் கடனுக்குக் கூட்டாட்சி விதிப்படி, வரி போன்ற கட்டாயப் பிடித்தங்கள் போக மிஞ்சும் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. டெக்சாஸ், பென்சில்வேனியா, வட கரோலினா, தென் கரோலினா ஆகிய மாநிலங்களில் இந்த வகைக் கடனுக்குச் சம்பளத்தில் கைவைக்கவே பொதுவாக அனுமதி இல்லை. அங்கே இருப்பவர் ஆறு மாதம் பொறுத்துப் போடுவதற்கு ஆகும் செலவு, பிடித்தம் உள்ள மாநிலத்தில் இருப்பவரைவிடக் குறைவு.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். டிஸ்சார்ஜில் தீரக்கூடிய கடன் எல்லாம் இன்றைக்கே மறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அடுத்த மாத வரவு செலவை ஒரு தாளில் எழுதுங்கள். அப்போதும் துண்டு விழுகிறதா? விழுந்தால் வீட்டுத் தவணையோ கார் தவணையோ வருமானத்துக்கு மிஞ்சியது என்று அர்த்தம். திவால் மனு அதைச் சரிசெய்யாது. முதல் தடவை கார் கைவிட்டுப் போகக் கூடாது என்று ரீஅஃபர்மேஷன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அந்தக் கடனை மட்டும் டிஸ்சார்ஜுக்கு வெளியே எடுத்துக்கொண்டவர்கள் நிறைய. இரண்டாவது தடவை அந்தக் கையெழுத்துக்கு முன் பத்து தடவை யோசிக்க வேண்டும். பிறகு தவணை தவறி காரை எடுத்துக்கொண்டு போனால், ஏலத்தில் வந்தது போக மீதிக் கடன் நிற்கும், உங்களுக்கோ 8 ஆண்டு பூட்டு.

அடுத்து, எந்த வகைக் கடன் என்பது. குழந்தை ஆதரவுத் தொகை, ஜீவனாம்சம், ஏமாற்றி வாங்கிய கடன், குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஆளுக்குக் காயம் ஏற்படுத்தியதற்கான இழப்பீடு, குற்ற வழக்கில் விதித்த தொகை இவை எத்தனையாவது மனுவானாலும் சாப்டர் 7-ல் தீராது. மனு போடத் தீர்மானித்த பிறகு கார்டைத் தேய்ப்பதும் வேண்டாம். மனுவுக்கு முந்தைய 90 நாளில் ஒரே நிறுவனத்தின் கார்டில் வாங்கிய ஆடம்பரப் பொருள்களும், 70 நாளில் எடுத்த ரொக்க முன்பணமும் ஒரு தொகைக்கு மேல் போனால், ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும்.

வருமான வரி பாக்கி கொஞ்சம் நுணுக்கமானது, முதல் மனுவின் நிழல் இங்கேதான் விழுகிறது. பொதுவாக, ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடு முடிந்து 3 ஆண்டு, நீங்கள் அதைத் தாக்கல் செய்து 2 ஆண்டு, வரித் துறை தொகையை நிர்ணயித்து 240 நாள், இந்த மூன்றும் கடந்திருந்தால் அந்த வரி தீரக்கூடும். ஆனால் இடையில் ஒரு திவால் வழக்கு நடந்திருந்தால், வசூலுக்குத் தடை இருந்த காலமும் அதற்கு மேல் 90 நாளும் இதில் சில கெடுக்களோடு சேர்ந்து நீளும். நடுவில் இரண்டு வருஷம் சாப்டர் 13-ல் இருந்தவர் '3 வருஷம் ஆகிவிட்டதே' என்று நினைத்துப் போட்டால் வரி அப்படியே நிற்கும். அதே சமயம், முதல் மனுவின்போது புதிது என்பதால் தீராமல் போன வரி, வயதாகி இப்போது தீரவும் வாய்ப்பிருக்கிறது.

கல்விக் கடனுக்காகத்தான் இரண்டாவது மனு என்றால் கொஞ்சம் நில்லுங்கள். அதைக் கட்டினால் தாங்க முடியாத சிரமம் என்று தனி வழக்காக நிரூபித்தால்தான் தீரும். 2022 நவம்பரில் நீதித் துறை கொண்டுவந்த வழிகாட்டுதலுக்குப் பிறகு, அரசுக் கல்விக் கடனில் இது முன்பு போல எட்டாக்கனியாக இல்லை. முக்கியமான விஷயம், இதற்குப் புது மனுவே தேவைப்படாமல் போகலாம். அந்தக் கடன் முதல் மனுவுக்கு முந்தையது என்றால், முடிந்துபோன பழைய வழக்கைத் திறந்து அதற்குள்ளேயே இந்தக் கேள்வியை எழுப்ப விதி இடம் தருகிறது. இதை வக்கீலிடம் நீங்களாகக் கேளுங்கள்.

அதே மாதிரி, இப்போது துரத்துகிற கடன் எல்லாம் உண்மையிலேயே புதுக் கடன்தானா என்று பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வழக்கில் தீர்ந்துபோன கடனைக் கைமாற்றி வாங்கிய ஏஜென்சி ஒன்று, பத்து வருஷம் கழித்துக்கூட வேறு பெயரில் கடிதம் அனுப்பும். டிஸ்சார்ஜ் ஆன கடனை வசூலிக்க முயல்வது நீதிமன்ற உத்தரவை மீறுவது. அதற்கு டிஸ்சார்ஜ் உத்தரவின் நகலோடு ஒரு பதில் கடிதம் போதும், அடங்கவில்லை என்றால் பழைய நீதிமன்றத்திலேயே புகார் செய்யலாம். இதற்கெல்லாம் ஒரு டிஸ்சார்ஜை வீணாக்க வேண்டாம்.

இப்போது நான் பிறகு வருகிறேன் என்று சொன்ன வலி. மனு போட்டவுடன் வசூல், ஜப்தி, ஏலம் எல்லாவற்றையும் நிறுத்துகிற ஸ்டே தானாகவே வரும். முதல் தடவைக்காரர்களுக்கு அது அப்படித்தான். ஆனால் கடந்த ஓராண்டுக்குள் நடப்பில் இருந்த உங்கள் வழக்கு ஒன்று தள்ளுபடியாகியிருந்தால், புது வழக்கில் ஸ்டே 30 நாளில் முடிந்துவிடும். நீட்டிக்க வேண்டுமென்றால் அந்த 30 நாளுக்குள் மனு கொடுத்து, விசாரணையும் முடிந்திருக்க வேண்டும். தள்ளுபடியானவை இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்டே வரவே வராது, நீதிமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டும். போன வழக்கு தவணை கட்டாமல் போனது என்றால், இந்தத் தடவை என்ன மாறியிருக்கிறது என்று காட்ட வேண்டும்: புது வேலைக்கான கடிதம், சம்பள ரசீது, முடிந்துபோன சிகிச்சையின் ஆவணம். வாய்ச்சொல் எடுபடாது. ஏலத்துக்கு முந்தின நாள் ஓடிவந்து மனு போடுகிறவர்கள் இந்த 30 நாள் விஷயம் தெரியாமல் வீட்டை இழக்கிறார்கள்.

இன்னும் ஒரு கதவு 180 நாளுக்குச் சாத்தப்படலாம். நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறியதால் வழக்கு தள்ளுபடியானால், அல்லது கடன் கொடுத்தவர் ஸ்டேயை விலக்கக் கேட்ட பிறகு நீங்களே வழக்கை வாபஸ் வாங்கியிருந்தால், அந்த 180 நாளுக்குள் புது மனுவே போட முடியாது.

அதனால், சாப்டர் 13 வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது, தவணைதான் கட்ட முடியவில்லை என்றால், அதை விட்டுவிட்டுப் புதிதாகப் போடலாம் என்பதைக் கடைசி யோசனையாக வையுங்கள். வருமானம் குறைந்ததைக் காட்டித் திட்டத்தைத் திருத்தக் கேட்கலாம். சாப்டர் 7-க்கு மாற்றலாம். உங்கள் கையில் இல்லாத காரணத்தால் முடிக்க முடியாமல் போனது, திருத்துவதும் நடைமுறையில் இயலாது என்றால், சில நிபந்தனைகளோடு முன்கூட்டியே டிஸ்சார்ஜ் கேட்கவும் வழி உண்டு.

டிஸ்சார்ஜ் கிடைக்காது என்று தெரிந்தே சாப்டர் 13 போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது முட்டாள்தனம் இல்லை. சாப்டர் 7 மனு போட்டு 4 ஆண்டு ஆகவில்லை, ஆனால் வீட்டுத் தவணை எட்டு மாதம் பாக்கி அல்லது பழைய வரி நிற்கிறது என்றால், அந்தப் பாக்கியை 3 முதல் 5 ஆண்டில் பிரித்துக் கட்ட இந்த வழக்கு அவகாசம் தரும். 7-ம் 13-ம் சேர்ந்ததால் வக்கீல்கள் இதை வேடிக்கையாக சாப்டர் 20 என்பார்கள். வீட்டைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் இதுவே பொருத்தமான வழியாகவும் இருக்கலாம். ஆனால் நல்லெண்ணத்தோடு போட்டதுதானா என்று நீதிபதி கூர்ந்து பார்ப்பார்.

சொத்து விஷயத்தில் முதல் தடவை மாதிரியே இருக்கும் என்று நினைப்பது ஆபத்து. அப்போது வீட்டின் மதிப்பும் அடமானக் கடனும் ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்கும், டிரஸ்டீ (வழக்கில் உங்கள் சொத்தைக் கவனிக்க நியமிக்கப்படுபவர்) திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். இப்போது விலை ஏறியிருக்கும், கடன் குறைந்திருக்கும். மாநில விலக்கு வரம்புக்கு, அதாவது கடன் கொடுத்தவர்கள் தொடக் கூடாது என்று சட்டம் விட்டுவைக்கும் மதிப்புக்கு, மேல் உங்கள் பங்கு நின்றால், சாப்டர் 7-ல் வீட்டையே விற்க அவருக்கு அதிகாரம் உண்டு. டெக்சாஸ், புளோரிடாவில் குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பு வரம்பு இல்லைதான். ஆனால் இடையில் மாநிலம் மாறி 730 நாள் ஆகவில்லை என்றால், பழைய மாநிலத்தின் விலக்கு விதிகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். போன வருஷம் நியூ ஜெர்சியிலிருந்து டாலஸுக்குக் குடிபெயர்ந்தவர் டெக்சாஸ் விதியை நம்பிப் போடக் கூடாது.

வேறு நாட்டில் இருக்கும் நிலம், வங்கிக் கணக்கு, குடும்பச் சொத்தில் பங்கு எல்லாவற்றையும் எழுத வேண்டும். சொத்து உலகத்தில் எங்கே இருந்தாலும், யார் கைவசம் இருந்தாலும் சட்டத்தின் கணக்கில் வரும். மறைத்தால் டிஸ்சார்ஜ் போகும், அதற்கு மேல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம். இரண்டாவது தடவை மனு போடுகிறவருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு: முதல் மனுவில் எழுதிய சொத்துப் பட்டியல் நீதிமன்றப் பதிவில் அப்படியே இருக்கிறது. அதில் இருந்த நகை இப்போதைய பட்டியலில் இல்லை என்றால் எங்கே போனது என்று கேட்பார்கள். மனு படிவமே கடந்த 8 ஆண்டுகளில் போட்ட மனுக்களைக் கேட்கிறது, ஆகவே பழையதைச் சொல்லாமல் விடுவது என்ற யோசனையே வேண்டாம்.

மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றை மட்டும் முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு மனு போடலாம் என்று தோன்றும். நம்மவர்களுக்கு ரொம்ப இயல்பான எண்ணம். ஆனால் உறவினருக்குக் கட்டியதை டிரஸ்டீ ஓராண்டு வரை பின்னோக்கிப் பார்த்து அவரிடமிருந்தே திரும்ப வாங்க முடியும். சொத்தை அண்ணன் பெயருக்கு மாற்றுவது அதைவிட மோசம். அப்புறம், 401-கே ஓய்வுக்காலச் சேமிப்பை உடைத்துக் கார்டு கடனைக் கட்டாதீர்கள். திவால் வழக்கில் பொதுவாக யாரும் தொட முடியாத பணம் அது, அதை எடுத்து எப்படியும் தீரப்போகிற கடனுக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

வருமானச் சோதனை மறுபடியும் உண்டு. மனு போடும் மாதத்துக்கு முந்தைய 6 மாத வருமானத்தை வைத்து மாநில இடைநிலை வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். போனஸ் வந்த மாதம் அந்த ஆறில் விழுகிறதா, விழவில்லையா என்பதே சிலருக்குச் சாப்டர் 7 கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கும். மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் கடன் ஆலோசனை வகுப்பையும், பிறகு நிதிக் கல்வி வகுப்பையும் மறுபடி முடிக்க வேண்டும், பழைய சான்றிதழ் செல்லாது. நீதிமன்றக் கட்டணம் சாப்டர் 7-க்கு 338 டாலர், சாப்டர் 13-க்கு 313 டாலர். வக்கீல் கட்டணம் சாப்டர் 7-ல் பெரும்பாலும் முன்கூட்டியே கேட்பார்கள், சாப்டர் 13-ல் திட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். சில வக்கீல்கள் எல்லாரையும் 13-க்குத் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

மனுவே போடாமல் இருப்பதும் ஒரு வழி. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் மட்டுமே வருமானம், பெயரில் சொத்து எதுவும் இல்லை என்றால், சாதாரணக் கடன் கொடுத்தவர் தீர்ப்பு வாங்கினாலும் எடுக்க ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்டவர் டிஸ்சார்ஜை ஒரு பெரிய மருத்துவச் செலவுக்காகப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். தொகையைக் குறைத்து செட்டில் செய்யப் போகிறீர்கள் என்றால், தள்ளிவிட்ட தொகைக்கு 1099-சி படிவம் வந்து அது வருமானமாகக் கணக்கிடப்படலாம். அந்த நேரத்தில் உங்கள் கடன் சொத்தைவிட அதிகமாக இருந்தது என்று 982 படிவத்தில் காட்டி அந்த வரியைக் குறைக்கவோ தவிர்க்கவோ முடியும்.

கிரெடிட் ரிப்போர்ட் பற்றி எல்லாரும் கவலைப்படுவதால் சொல்கிறேன். சாப்டர் 7 மனு தேதியிலிருந்து 10 ஆண்டு நிற்கும், சாப்டர் 13-ஐ வழக்கமாக 7 ஆண்டில் எடுத்துவிடுகிறார்கள். ஆக 8 ஆண்டு முடிந்த கையோடு போட்டால் இரண்டு மனுவும் கொஞ்ச காலம் சேர்ந்தே தெரியும். தவணைகள் ஏற்கெனவே தவறிப்போன ஒருவருக்கு ஸ்கோரில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. வீடு வாங்கும் திட்டம் இருந்தால்தான் கணக்கு மாறும். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதியில் சாப்டர் 7 டிஸ்சார்ஜுக்குப் பிறகு 4 ஆண்டு காத்திருக்க வேண்டும், கடந்த 7 ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட திவால் மனு இருந்தால் அது 5 ஆண்டு.